நேரசூசியில் இல்லாத காகம்

ரொறன்ரோவில் உள்ள மணிக்கூடுகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோயிருந்தாலும் எங்கள் கட்டடத்து ஏழாம் மாடிக்கு ஒரு குறையும் வந்திராது. எங்களிடம் கார்ட் அண்ணை இருந்தார்.

ஊரில் இருபத்தெட்டு வருடம் ரயில் கார்ட்டாக வேலை பார்த்தவர். அங்கே ரயில்கள் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ரயிலிடம் வாங்க முடியாமல்போன நேரத்தை எல்லாம் கனடாவுக்கு வந்து எங்களிடம் வாங்கினார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். லிஃப்ற் கதவு மூடமுதல் ஊதுவார். ஒருமுறை கோயிலில் பழக்கதோஷத்தில் ஊதிவிட, ஐயர் விபூதித் தட்டத்தைக் கீழே போட்டார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பத்தேழாம் ஆண்டு, இலை பழுக்கத் தொடங்கிய நேரம், அவருடைய மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. அவ ஊரிலும் இவர் இங்கேயுமாக மூன்று வருடம் பிரிந்திருந்தவர்கள். கடிதத்தை ஏழாம் மாடி முழுவதற்கும் வாசித்துக் காட்டினார். “வாறன். ஆனா மனம் பிடிக்காட்டி அடுத்த பிளேனிலை திரும்பிடுவன், மறிக்கக் கூடாது. முந்திரிகைக் கொடிகூட முளைக்காத பனித் தேசத்திலை மனிசர் இருக்கிறதோ?” என்று எழுதியிருந்தா. அவவின் தகப்பன் ஊரில் முந்திரிகைத் தோட்டம், அதுதான் திராட்சைத் தோட்டம், வைத்திருந்தவர்.

கார்ட் அண்ணை இரண்டு நாள் விசில் ஊதவில்லை. மூன்றாம் நாள் எங்கள் கதவைத் தட்டினார்.

“தங்கச்சி, நயாகராப் பக்கம் மைல் கணக்கிலை முந்திரிகைத் தோட்டம் கிடக்காம். என்னோடை வேலை செய்யிற இத்தாலிக்காரன் சொன்னவன். போனா வைன் வாத்து, ருசி பாக்கத் தருவாங்களாம். பக்கத்திலேயே மலை. ஏறி நடக்கலாம்.”

“மலை என்னத்துக்கு அண்ணை?” என்று கேட்டேன்.

“கலியாணம் கட்டேக்கை மலை காட்டுறன் எண்டு அவவுக்குச் சொன்னனான். நான் கிழமைக்கு ரெண்டு தரம் மலைநாட்டுக்கு ரயில் கொண்டு போனன். அவவை ஒருக்காலும் ஏத்தேல்லை.”

அவ புதன்கிழமை வருகிறா. அடுத்து வரும் சனிக்கிழமை பயணம். அந்த ஒரு நாளில் அவவின் மனதை இங்கே கட்டிப்போட வேண்டும். அதற்கு முந்தின சனிக்கிழமை ஒத்திகை. ஒத்திகைக்கு எங்கள் கார், ஓட்டுவதற்கு என் மனுசன், ஏறுவதற்கு நான்.

“உங்களுக்கும் முழங்கால் நோ, அவவுக்கும் முழங்கால் நோ. நீங்கள் ஏறினா அவவும் ஏறுவா” என்றார்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒத்திகை நாள் புரட்டாதிச் சனி, நான் சனீஸ்வரனுக்கு விரதம், காகத்துக்குச் சோறு வைக்காமல் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டேன் என்று சொல்ல மூன்று தரம் வாயைத் திறந்தேன். மூன்று தரமும் நேரசூசி வாசித்தார். “ஏழு நாற்பது புறப்பாடு. ஒன்பது இருபது முதலாம் தோட்டம், ருசி பாக்கப் பன்ரண்டு நிமிசம்...” கடைசியில் ஒரு பிடி சோற்றையும் எள்ளையும் வாழையிலைத் துண்டில் பொதிந்து கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

காரில் முன் சீற்றில் இருக்கமாட்டேன் என்றார். கார்ட் கடைசிப் பெட்டியில்தான் இருக்க வேண்டுமாம். பின்னால் இருந்தபடி கண்ணாடியை இறக்கிப் பச்சைக் கொடி காட்டி ஊதினார். அஜின்கோர்ட் பகுதியைத் தாண்டுமுன் பொலிஸ்கார் ஒன்று எங்களை ஒட்டி வந்து, உற்றுப் பார்த்துவிட்டுப் போனது. எனக்குச் சீற்றுக்குக் கீழே இறங்கிவிடலாம் போலிருந்தது.

முதலாம் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை சிரித்துக்கொண்டு கிளாசில் விரற்கடை அளவு வைன் வார்த்தாள். பக்கத்தில் ஒரு வாளி. ருசி பார்த்துவிட்டுத் துப்பலாமாம். நாலு பேர் முன்னால் துப்புகிறதா! எனக்கு உடம்பு கூசியது. என் மனுசன் விழுங்கப் பார்த்தார். ‘பீப்’ என்று விசில் அடித்தது.

“ட்ரைவர் விழுங்கக் கூடாது! துப்பு!”

“துப்பினா எப்பிடி அண்ணை ருசி தெரியும்?”

“நாக்கிலை தெரியும். இனிப்போ, புளிப்போ? கெதியாச் சொல்லு, நாலு நிமிசம்தான் கிடக்கு.”

“இன்னொண்டு வாத்தால்தான் சொல்லலாம்.”

பிறகு கார்ட் அண்ணை என் பக்கம் திரும்பினார். நான் தலையை ஆட்டினேன்.

“ஏன் தங்கச்சி? இதிலை மச்சம் ஒண்டும் இல்லை. சுத்தச் சைவம்!”

கடையே திரும்பிப் பார்த்தது. நான் கிளாசைப் பூசைக்குப் பிடிப்பதுபோல நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடமும் நின்றேன். இரண்டாம் தோட்டத்திலும் இதே கூத்து.

பிறகு மலை. வெறும் வயிறு, முழங்கால் நோ, கையில் செருப்பு. கார்ட் அண்ணை பின்னால் கொப்பியும் பென்சிலுமாக வந்தார். நான் மூச்சு வாங்கிய இடமெல்லாம் அவருக்கு ஸ்ரேசன். “இதிலை ரெண்டு நிமிசத் தரிப்பு. இந்தக் கல்லிலை இருக்கலாம். சரி தங்கச்சி, லைன் கிளியர்!” என்று ஊதுவார். மனிசரைச் சாமானாக்கிவிட்டாரே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

உச்சியில் இருப்பதற்கு மரவாங்கு ஒன்று கிடந்தது. கீழே வரிவரியாகத் தோட்டங்கள், அதற்கப்பால் ஏரி, ஏரியின் மறுகரையில் ரொறன்ரோக் கோபுரம் தையல் ஊசி மாதிரி. கார்ட் அண்ணை சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தார். “பன்ரண்டு ஐந்து, மத்தியானச் சாப்பாடு, பதினைந்து நிமிசம்.”

நான் கைப்பைக்குள் இருந்த வாழையிலைத் துண்டை எடுத்தேன்.

“அண்ணை, இண்டைக்குப் புரட்டாதிச் சனி. காகத்துக்கு வைக்காமல் நான் வாயிலை ஒண்டும் வைக்கமாட்டன்.”

“அதுக்கு எத்தினை நிமிசம்?”

“காகம் வரவேணும்.”

“எத்தினை மணிக்கு வரும்?”

“ஏன் அண்ணை, காகத்துக்கு நேரசூசி குடுக்கேல்லையோ?” என்றார் என் மனுசன்.

கல்லில் சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். முதலில் வந்தது காகமல்ல, வெள்ளைக் கடற்பறவைகள். கார்ட் அண்ணை பச்சைக் கொடியால் அடித்துக் கலைத்தார். அரை மணித்தியாலம் போனது. கண்ணுக்கு முன்னால் தோசையும் சம்பலும் ஆறிக் கிடந்தன. கடைசியில் ஒரு காகம், எங்கள் ஊர்க் காகத்திலும் இரண்டு மடங்கு, கல்லில் வந்து இறங்கிச் சோற்றுக்குத் தலையைக் குனிந்தது.

“வந்திட்டுது! பன்ரண்டு முப்பத்தெட்டு!” என்று கார்ட் அண்ணை சந்தோசத்தில் விசிலை ஊதினார்.

காகம் ஏரிக்கு மேலால் போய் மறைந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. “உந்த விசிலைக் கொண்டுபோய் ஏரிக்குள்ளை எறியுங்கோ அண்ணை!” என்று கத்தினேன். அதற்கு முன்னும் நான் கத்தியதில்லை, பின்னும் இல்லை. என் மனுசன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்.

கார்ட் அண்ணை கோபிக்கவில்லை. வாங்கில் மெல்ல இருந்தார்.

“தங்கச்சி, அடுத்த சனியும் புரட்டாதிச் சனிதானே?”

“ஓம் அண்ணை.”

“அவவும் விரதம் பிடிக்கிறவ.”

கொப்பியை மூடி மடியில் வைத்தார்.

“கலியாணம் கட்டின நாள் தொடக்கம் பிடிக்கிறவ. கிணத்தடியிலை நிண்டு காகத்தைக் கூப்பிடுவா. நான் டியூட்டிக்குச் சுணங்குது எண்டு கத்துவன். மூண்டு வருசத்திலை அதையே மறந்து போனன் பாருங்கோ. ஒன்பது இருபதுக்கு அவவின்ரை கையிலை வைன் கிளாசைக் குடுத்திருப்பன். அண்டைக்கே பிளேன் ஏறியிருப்பா.”

விசிலைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். வானத்தைப் பார்த்து, “கா... கா...” என்றார். பிறகு நான், பிறகு என் மனுசன். நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி எங்களைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிட்டது. காகம் திரும்ப எத்தனை மணிக்கு வந்தது என்று கொப்பியில் இல்லை. அவர் எழுதவில்லை. நாங்கள் போய்ச் சேர மூன்றாம் தோட்டம் பூட்டிக் கிடந்தது.

மனைவி வந்து இரண்டாம் நாள், வெள்ளி பின்னேரம், கார்ட் அண்ணை தனியே எங்கள் வாசலில் நின்றார். புது நேரசூசியை நீட்டினார். முழுத் தாளில் ஒரே ஒரு வரி: ‘காகம் வந்தபின் சாப்பாடு, மற்றதெல்லாம் பிறகு.’ தாளுக்குள் விசில் சுற்றியிருந்தது.

“நாளைக்கு என்னட்டை இருந்தா ஊதிப்போடுவன். வைச்சிருங்கோ.”

அடுத்த நாள் முழங்கால் நோ என்று சொல்லி நான் போகவில்லை. இருட்டுகிற நேரம் திரும்பிவந்த என் மனுசனைக் கதவிலேயே மறித்துக் கேட்டேன். மலையில் இரண்டு மணித்தியாலம் இருந்தார்களாம். இவர் காருக்குள் நித்திரையாம். திரும்பி வரும்போது ஒரு தோட்டத்தில் இறங்கி, இடுப்பளவு கம்பியில் படர்ந்திருந்த கொடியை அந்த மனுசி தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாவாம்: “பந்தல் போடத் தெரியாத சனம். அடுத்த வருசம் வந்து சொல்லிக் குடுப்பம்.”

“அடுத்த வருசம் எண்டவவோ?”

“ஓம், அப்பிடித்தான் சொன்னவ.”

கார்ட் அண்ணை விசிலைக் கேட்டு வரவே இல்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இப்போது அவர்கள் இரண்டு பேரும் இல்லை. விசில் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. புரட்டாதிச் சனியில் பல்கனியில் சோறு வைக்கும்போது அதையும் எடுத்துக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொள்வேன், காகம் சாப்பிட்டு முடியும்வரை.