ஏரிக்கு எட்டு மாடி

பூங்காவை ஒரு சுற்று முடிப்பதற்குள் லிஃப்ட்காரரின் மாமனார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த பெஞ்சில் மனைவி உட்கார்ந்தாள். மூன்றாவது பெஞ்சு இல்லாததால் பத்து வயது மகள் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டாள்.

"இன்னும் பாதி சுத்துகூட ஆகலயே!" என்றார் லிஃப்ட்காரர்.

"ஆகாட்டி போகட்டும்," என்றாள் மனைவி. "ஏரி எங்கயும் ஓடிப் போயிடாது."

ஏரி மலைமேல் இருந்தது. அடிவாரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் ஏற்றம். 'குழந்தைகள், பெரியவர்களோடு ஒரே நாளில் போய்வரலாம்' என்று சுற்றுலாத் தாளில் போட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அங்கே போய், தண்ணீரில் கால் நனைத்து, நாலு பேருமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதென்று அவர் முடிவு செய்திருந்தார். நாலு ஜோடி ஷூகூட வாங்கியாகிவிட்டது.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். எந்தப் பழுதானாலும் மூலகாரணத்தைப் பிடித்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர். பூங்காவிலிருந்து திரும்பி வந்ததும், அதுவரை நொண்டிக்கொண்டிருந்த மூன்று பேரும் லிஃப்டைப் பார்த்து ஓடினார்களே, அப்போதே மூலகாரணம் அகப்பட்டுவிட்டது.

அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அவர் வீடு எட்டாவது மாடியில்.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. மோட்டார் அறையில் மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"எத்தனை நாளாகும்?" என்றாள் மனைவி.

"சனிக்கிழமை வரைக்கும். இந்தச் சனி இல்ல, அடுத்த சனி."

"அவ்வளவு பெரிய பழுதா?"

"சின்னதுதான். ஆனா ஆழமானது," என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் போன் செய்தார். "என்னப்பா, நீ குடியிருக்கிற கட்டடத்துலேருந்தே பதினோரு புகார் வந்திருக்கு?"

"கன்ட்ரோல் கார்டு போயிடுச்சு சார். புதுசு வரப் பத்து நாளாகும்."

"எதுக்குப் பத்து நாள்? ஸ்டோர்ல ஒண்ணு இருக்கே!"

மத்தியானமே கார்டு வந்து சேர்ந்தது. பயந்து பின்வாங்குகிற ஆளா அவர்? 'இது பழைய மாடலுக்குரியது' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். சூப்பர்வைசர் தலைமை அலுவலகத்துக்கே எழுதிப் புதுக் கார்டு கேட்டார்.

அதற்குள் பயிற்சி பலன் தர ஆரம்பித்துவிட்டது. காலையில் படிக்கட்டில் இறங்கும்போது மொத்தக் கட்டடமும் கூடவே இறங்கியது. ஐந்தாம் மாடிப் பல்டாக்டர் விசிலடித்துக்கொண்டே இறங்கினார். மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டி, உட்கார்ந்தே காலம் தள்ளியவர். அவரே கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். சாயங்காலம் வேலை முடிந்து லிஃப்ட்காரர் எட்டு மாடி ஏறி, நாக்குத் தள்ளி வீட்டுக்குள் நுழையும்போது, மூன்று பேரும் வியர்வை இல்லாமல் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"மூச்சு வாங்கலயா?"

"எதுக்கு வாங்கணும்?" என்பாள் மகள்.

நான்காம் நாளோடு புகார்களும் நின்றுவிட்டன. ஒரு கட்டடத்தையே தேற்றிவிட்டோம் என்ற பெருமையில் லிஃப்ட்காரருக்குக் கால்வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை மறுபடியும் போன். "தலைமை அலுவலகத்துலேருந்து கார்டு வந்தாச்சு. நாளைக்கு நானே எடுத்துட்டு வர்றேன். அப்படி என்னதான் பழுதுன்னு நானும் பாக்கணும்."

லிஃப்டில் பழுதே இல்லை. சூப்பர்வைசர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். பதினெட்டு வருஷ சர்வீஸ் அந்த ஒரு நிமிஷத்தில் போய்விடும். லிஃப்ட்காரர் அன்று சாயங்காலமே மோட்டார் அறைக்குப் போய் நாலு ஒயர்களைக் கழற்றி, இடம் மாற்றிச் சொருகிவிட்டு நிம்மதியாக இறங்கி வந்தார்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறை வரை ஏறி வந்தார். டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுச் சைகை மட்டும் காட்டினார்.

புதுக் கார்டைப் போட்டார்கள். லிஃப்ட் அசையவில்லை. எந்த ஒயரை எங்கே மாற்றினோம் என்பது லிஃப்ட்காரருக்கு மறந்துவிட்டது. ஒன்றைச் சரிசெய்தால் கதவு திறக்க மறுத்தது. இன்னொன்றைச் சரிசெய்தால் கதவு மூட மறுத்தது. மணி பன்னிரண்டானது, இரண்டானது.

"உண்மையிலேயே பெரிய பழுதுதான்," என்றார் சூப்பர்வைசர். "நாளைக்கும் வந்து பார்த்துடலாம்."

"நாளைக்கு வேண்டாம் சார்!" என்று லிஃப்ட்காரர் அலறினார். நாலு மணிக்கு எப்படியோ நாலு ஒயரும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. லிஃப்ட் ஓடியது.

சூப்பர்வைசர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "கில்லாடிய்யா நீ! ஆமா, நாளைக்கு என்ன அவசரம்?"

சந்தோஷத்தில் லிஃப்ட்காரர் ஏரி விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அப்ப நானும் வர்றேன். ஒன்பது மாடி ஏறிட்டேன், மலை என்ன பெரிய மலை!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து பேரும் அடிவாரத்தில் இருந்தார்கள். லிஃப்ட்காரர் தளபதி மாதிரி முன்னால் நடந்தார். முதல் வளைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். சூப்பர்வைசர் மட்டும் புஸ் புஸ்ஸென்று பின்னால் வந்துகொண்டிருந்தார். மாமனார் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். மனைவி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மகள் பாதையிலேயே மல்லாந்து கிடந்தாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? இது மூணு மாடி உயரம்கூட இல்ல!"

"என்னால முடியாதுங்க," என்றாள் மனைவி. "நீங்க போய்ட்டு வாங்க. போட்டோல பாத்துக்கறேன்."

லிஃப்ட்காரருக்கு ஆற்றாமை பொங்கியது. "உங்களைப் பழக்கணும்னுதானே பன்னிரண்டு நாள் லிஃப்டை நிறுத்தி வச்சேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் நிற்பது யாரென்று ஞாபகம் வந்தது.

"நீதான் நிறுத்தினியா?" என்றார் சூப்பர்வைசர், மிகவும் மெதுவாக.

லிஃப்ட்காரரின் வாய் திறந்தது, மூட மறுத்தது. மருமகன் வேலைக்கு ஆபத்து என்று உணர்ந்த மாமனார், பாறையிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து சூப்பர்வைசரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளையைக் கோவிச்சுக்காதீங்க சார், அவரால யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்ல. ரெண்டு பிளாக்குக்கும் மொட்டைமாடி ஒண்ணுதானே, பக்கத்து பிளாக் லிஃப்ட்ல மேல போய், அங்கேருந்து அவங்கவங்க வீட்டுக்கு இறங்கிட்டோம். பன்னிரண்டு நாளா எங்க கட்டடத்துல படி ஏறினது அவரு, கடைசியில நீங்க, ரெண்டே பேருதான்!"