முதலாளியின் குதிரைக்கு உப்பூட்டிய வைபவம்

இந்தியத் தொழில் வரலாற்றில் கருணை என்ற பண்பு நான்கு காலில் நடந்து வந்து சேர்ந்த இடம் ஒரகடம். ஆண்டு 1991, பங்குனி வெயில். அதை எதிர்கொண்டு வரவேற்ற பாக்கியசாலி, அங்கிருந்த வார்ப்படத் தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசர் பலராமன்.

முதலாளிக்குத் திடீரென்று குதிரை நெடும்பயணத்தில் 'ஈடுபாடு' பிறந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஏறி, தன் தொழிற்சாலையில் இளைப்பாறி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் இறங்குவதாக ஏற்பாடு. இதற்காகக் கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில், குதிரைக்கு வியர்க்கும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த கூட்டத்துக்குக் கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் வந்தார்.

"வேர்வையில தண்ணியோட உப்பும் போயிடும் சார். அதுக்குத்தான் இந்த எலக்ட்ரோலைட் பசை. ஆனா முதல்ல தண்ணி குடிக்கணும். வெறும் பசையைக் குடுத்தா உடம்புல மிச்சமிருக்கிற ஈரத்தையும் இழுத்துடும்."

"இளைப்பாறின பிறகும் நெஞ்சு படபடப்பு குறையலன்னா?" என்று கேட்டார் பலராமன்.

"ஒரு அடிகூட நடக்க வைக்கக் கூடாது."

பலராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஜீவன்மீது இப்படியெல்லாம் அக்கறை காட்ட முடியுமா! இத்தனை வருட சர்வீஸில் அவருக்கு அப்படி ஒரு யோசனையே வந்ததில்லை.

பயண நாள் காலையில், உலைக்கூடத்தில் வேலை செய்யும் காவேரி அவர் முன்னால் வந்து நின்றாள். ரவிக்கை முதுகில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"சார், தல சுத்துது. கொஞ்சம் கொழாயத் தொறந்து வுடு சார்."

தொழிற்சாலைக்கு ஒரே குடிநீர்க் குழாய். அதற்கு ஒரு பூட்டு. சாவி பலராமனிடம். மத்தியான மணி அடித்தால்தான் திறக்கலாம். தண்ணீர் குடித்தால் ஒதுங்கப் போவார்கள், ஒதுங்கப் போனால் உற்பத்தி குறையும் என்பது முதலாளி கண்டறிந்த விஞ்ஞானம். 'யாருக்கும் விதிவிலக்கு இல்லை' என்று அவரே உத்தரவும் போட்டிருந்தார்.

"மணி அடிக்கட்டும்மா."

"அதுக்குள்ள வுழுந்துடுவேன் சார்."

"விழுந்தா அரை நாள் சம்பளம் கட். நல்லதுக்குத்தான் சொல்றேன், நிழல்ல நின்னு குதிரைக் கயித்தப் பிடிச்சுக்க."

முதலாளி வந்து இறங்கினார். இளநீர் குடிக்க ஏ.சி. அறைக்குள் போனார். மருத்துவரோ ஜீப்பில் ஏரிக்கரைக்கு முன்னதாகவே போய்விட்டிருந்தார். பலராமன் பக்தியோடு சிரிஞ்சை எடுத்துக் குதிரையின் வாயில் பசையைப் பீய்ச்சினார். குதிரை குழாயைப் பார்த்தது.

"அதுக்கு மொதல்ல தண்ணி காட்டு சார். நாக்கு ஒணந்து பூட்ச்சி, பாரு."

பலராமன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அடிக்க நேரமிருந்தது. முதலாளியின் குதிரை என்பதற்காக முதலாளியின் உத்தரவை மீறுவதா? அவருடைய நேர்மை இடம் கொடுக்கவில்லை. ஈடுகட்ட இன்னொரு சிரிஞ்சு பசை கொடுத்தார்.

குதிரையின் தலை தொங்கியது. கால் நடுங்கியது. அப்படியே மண்ணில் மடிந்து படுத்துவிட்டது. கயிற்றைப் பிடித்தபடி காவேரியும் பக்கத்தில் சரிந்தாள்.

முதலாளி பதறி ஓடி வந்தார். குதிரையின் கழுத்தைத் தடவினார். சாவிக்குக்கூடக் காத்திராமல் பூட்டை உடைக்கச் சொன்னார். வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. குதிரை குடித்தது. அது வாயை எடுத்த இடைவெளியில் காவேரியும் அதே வாளியில் அள்ளிக் குடித்தாள்.

"உனக்கு மனசாட்சி இருக்காய்யா?" என்று முதலாளி பலராமனைப் பிடித்துக்கொண்டார். "வாயில்லா ஜீவன்யா! தாகமா இருக்குன்னு அதுக்குக் கேக்கத் தெரியுமா?"

காவேரி வாளியிலிருந்து நிமிர்ந்தாள்.

"எனக்கு வாய் கீது சார். காலைலர்ந்து கேட்டுகினேதான் கீறேன்."

முதலாளி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருக்கவில்லை. நிர்வாகம் உடனே இரண்டு நடவடிக்கை எடுத்தது. குதிரை நினைத்த நேரத்தில் குடிக்க, பூட்டில்லாத சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டப்பட்டது. காவேரிக்கு, மேலதிகாரிகள் முன்னிலையில் வாய் திறந்ததற்காக, மெமோ கொடுக்கப்பட்டது.