செதிலாயியின் ஆடும் குடில்

ஒரு காட்டில் தரைக்கு நிலைகொள்ளாத சுபாவம். மற்ற காடுகளில் மழை வருவதுபோல அங்கே நிலநடுக்கம் வரும். வந்தால் குகை இடியும், வளை மூடும், பாறை உருளும். பிறகு தலைவர் புலி வந்து பார்வையிடுவார். ஆழ்ந்த வருத்தம் தெரிவிப்பார். போகிற வழியில் ஒரு மானையும் பார்த்துக்கொண்டு போவார்.

அந்தக் காட்டில் செதிலாயி என்ற அழுங்கு இருந்தாள். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்ததுபோல் செதில், நீள நாக்கு, எறும்புதான் சாப்பாடு. போன நடுக்கத்தில் வளை இடிந்து அவள் புருஷன் உள்ளேயே போய்விட்டான். மிஞ்சியது ஒரு குட்டி. அது எந்நேரமும் அம்மாவின் வாலில் தொற்றிக்கொண்டு திரியும். வளை என்ற சொல்லைக் கேட்டாலே அழும். தாயும் பிள்ளையும் புதரடியில்தான் படுத்தார்கள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை ஒரு கூரைக்குக் கீழே பயமில்லாமல் தூங்க வேண்டும். செதிலாயிக்கு வேறு ஆசையே இல்லை.

அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். ஒவ்வொரு நடுக்கத்திலும் பாறைகள் விழுந்தன, மூங்கில் புதர் மட்டும் தலையை ஆட்டிவிட்டு அப்படியே நின்றது. நேராகப் பஞ்சாயத்துக்குப் போனாள்.

"ஒரு குடில் கட்டுவோம். மூங்கில் கால், மண் பூசின தட்டி, கோரைப்புல் கூரை. கட்டுறதுக்குக் காட்டுக்கொடி. ஆபத்து நேரத்துல எல்லாரும் வந்து ஒண்டிக்கலாம். தரை ஆடினா குடிலும் கூடச் சேர்ந்து ஆடும், விழாது. அப்படியே விழுந்தாலும் தலையில விழுறது புல்லுதான்."

செயலாளர் குரங்கு தலையைச் சொறிந்தது. "ஏன் ஆயியக்கா, ஆடுற வீட்டுல யாராவது படுப்பாங்களா?"

"நீ மரக்கிளையிலதானே படுக்குறே?" என்றாள் செதிலாயி.

ஆளுக்கொரு பொருள் கொடுத்தார்கள். யானை மூங்கில் கொண்டுவந்தது. எருமை தான் புரண்ட சேற்றைக் கொடுத்தது. குடில் எழுந்தது. சோதனைக்காக யானை அதில் முதுகைச் சாய்த்து ஆசைதீரச் சொறிந்துகொண்டது. குடில் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டுப் பழையபடி நின்றது.

"நல்ல சொகம் ஆயி," என்றது யானை.

அன்றே குட்டியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அங்கேதான் செதிலாயி ஒரு காரியம் செய்தாள். புருஷன் ஞாபகமாக மரங்கொத்தியிடம் ஒரு சின்னக் கல் பலகையில் அவன் பெயரைக் கொத்தச் சொல்லி, கூரையின் முகப்பில் வைத்தாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. செத்தவனுக்கு ஒரு கல்கூட இல்லையே என்று அவள் தவித்தது அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் எருமை வந்து நின்றது. "உன் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் கல்லா? சேறு கொடுத்தவனுக்கு இல்லையா?"

அந்தக் காட்டின் வழக்கம் அப்படி. ஒரு இலை கொடுத்தாலும் 'உபயம்' என்று பெயர் போட்டாக வேண்டும். மின்மினி ஒன்று பஞ்சாயத்துக்கு வெளிச்சம் தர வந்தபோது, அதன் வாலிலேயே உபயதாரர் பெயர்களை எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து பஞ்சாயத்து இருட்டில்தான் நடக்கிறது.

மரங்கொத்திக்கு வேலை குவிந்தது. எருமைக்கு ஒரு கல். எருமையின் கல்லைவிடப் பெரியதாக யானைக்கு ஒன்று. காட்டுக்கொடியைக் கயிறாகத் திரித்த குரங்குக்கும், திரிக்கும்போது பக்கத்தில் நின்ற குரங்குக்கும் ஒவ்வொன்று. தலைவர் எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே அவருக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய பாறை. குடில் ஆடுவதை நிறுத்திக்கொண்டது.

"இப்பத்தான் ஆடாம அசையாம நிக்குது," என்று புலி மெச்சினார்.

"ஐயா, இதுக்குக் கீழே யாரும் போகக் கூடாது. எல்லாரையும் அமுக்கிடும். கல்லையெல்லாம் இறக்கச் சொல்லுங்க," என்று கெஞ்சினாள் செதிலாயி.

"எடுத்துடலாம்மா. முதல்ல உன் வீட்டுக்காரர் கல்லை எடு."

அவள் உடனே கூரைமேல் ஏறினாள். கல்லைப் பிடித்தாள். பெயரைப் பார்த்தாள். கை வரவில்லை. அப்படியே இறங்கிவிட்டாள்.

திறப்பு விழா வந்தது. வாசலுக்குக் குறுக்கே ஒரு பூங்கொடி கட்டியிருந்தார்கள். எல்லா மிருகமும் கூடியிருந்தது. ஆனால் கொடியை வெட்ட முடியவில்லை. யார் பெயர் யார் பெயருக்கு மேலே இருக்கிறது என்று யானைக்கும் எருமைக்கும் தகராறு முற்றியிருந்தது. புலி வெட்ட ஓங்கிய நகத்தோடு அப்படியே காத்திருந்தார்.

செதிலாயி யதேச்சையாகத் திரும்பினாள். வாலில் கனம் இல்லை. குட்டி கொடிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய், புல்மேல் சுருண்டு படுத்திருந்தது. பல நாளைக்குப் பிறகு, பயமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தரை ஆடியது.

"விழா முடியாம உள்ளே போகக் கூடாது!" என்று குரங்கு கத்தியது. செதிலாயி பூங்கொடியை அறுத்துக்கொண்டு பாய்ந்தாள். குட்டியை வயிற்றோடு அணைத்தாள். தலையை உள்ளே இழுத்து, வாலைச் சுற்றி, ஒரு பந்தாகிவிட்டாள். கூரை இறங்கியது. எருமை, யானை, இரண்டு குரங்குகள், கடைசியாகத் தலைவர் என்று உபயங்கள் எல்லாம் வரிசையாக அவள்மேல் விழுந்தன.

வெளியே ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. சண்டை அவர்களை வெட்டவெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

கற்களைப் புரட்டினார்கள். அடியில் செதில் பந்து முழுசாக இருந்தது. உள்ளேயிருந்து குட்டி, "அம்மா, விடிஞ்சிருச்சா?" என்று கேட்டது. யானைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

புலி பந்தைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். "கல் கிடையாது, மரம் கிடையாது. முழுக்க இயற்கைப் பொருள். எவ்வளவு பாரம் தாங்கியிருக்கு பாருங்க. இதைத்தானே நாம இத்தனை நாளா தேடினோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். செதிலாயி மெல்லத் தலையை வெளியே நீட்டப் பார்த்தாள்.

"கொஞ்சம் அசையாம இரும்மா," என்றார் புலி. மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டு அவள் முதுகில் வந்து உட்கார்ந்தது. பின்னால் எருமையும் யானையும், யார் பெயர் மேலே என்று மறுபடியும் ஆரம்பித்திருந்தன.

நீதி: பிள்ளையைக் காப்பாற்றும்போது ஊருக்கு முதுகைக் காட்டாதீர்கள், யாராவது உபயம் என்று பெயர் கொத்திவிடுவார்கள்.