போண்டாவுக்கு வைத்த கோழி

"இந்தப் புரட்டாசி முழுக்க நான் சைவம்" என்று ரெங்கசாமி அறிவித்தபோது, அவர் மனைவி தனலெட்சுமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எத்தனை மணி வரைக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. போன புரட்டாசியிலும் மனுஷர் இப்படித்தான் மார்தட்டினார். மறுநாளே பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில், மட்டன் வறுவலும் கையுமாக, தனலெட்சுமியின் சொந்தத் தம்பியிடமே மாட்டிக்கொண்டார். "இது என் இலை இல்ல மச்சான், பக்கத்து இலை" என்று வேறு சமாளித்திருக்கிறார். பக்கத்தில் இலையே இல்லை.

கிள்ளான் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ரெங்கசாமிக்குப் பென்ஷனைத் தவிர ஒரே சொத்து அவருடைய நாக்குதான். கோழி விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது என்பது அவர் கட்சி. "கண்ணக் கட்டிட்டு ஒரு துண்ட வாயில வை. மேஞ்சு திரிஞ்ச கம்பத்துக் கோழியா, பண்ணையில வளத்த பாசார் கோழியான்னு சொல்லிருவேன். கிள்ளான்ல இப்படி ஒரு நாக்கு கிடையாது லா" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் முன்பின் தெரியாத ஆளிடமும் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட நாக்குக்கு ஒரு மாதம் பூட்டுப் போடத் துணிந்தார் என்றால் அதற்குக் காரணம் போண்டா.

போண்டா ஒரு நாய். பிரிக்பீல்ட்ஸ் சந்து ஒன்றில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. விலா எலும்பை வரிசையாக எண்ணிவிடலாம், அப்படி ஓர் இளைப்பு. ரெங்கசாமி இரக்கப்பட்டு ஒரு போண்டா வாங்கிப் போட்டார். அது தின்றது, அவர் முகத்தை நன்றியோடு பார்த்தது, அவர் செருப்பிலேயே வாந்தி எடுத்தது. அந்த நன்றி பொங்கிய பார்வையில் மனுஷர் விழுந்துவிட்டார். காரில் ஏற்றிக் கிள்ளானுக்கே கொண்டுவந்துவிட்டார். "ஒன்னு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று தனலெட்சுமி சொன்னாள். சொல்லிவிட்டு, அது படுக்கப் பழைய போர்வை ஒன்றைத் தேடிக்கொண்டு போனாள்.

இளைத்த உடம்பா, நெய்யை ஊற்று. ரெங்கசாமிக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். காலையில் டின் பால். பத்து மணிக்கு ரொட்டி சானாய், மேலே டால்ச்சாக் குழம்பு. மதியம் நெய் விட்ட சோறும் மட்டன் கொழுப்பும். "தின்னுடா ராஜா" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். ராஜாவும் தின்றது. தின்றதெல்லாம் போன வேகத்திலேயே வெளியே வந்தது. வாசல் முழுக்கக் கழுவிக் கழுவித் தனலெட்சுமிக்கு இடுப்பு விட்டுப் போனது. போண்டா முன்னைவிட இளைத்து, எழுந்து நிற்கவே யோசித்தது.

மிருக வைத்தியர் டாக்டர் ஜெயமாலா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். ரெங்கசாமி பெருமையாக ஒப்பித்தார்.

"அங்கிள், இது நாயா, உங்க வீட்டுக்கு வந்த சம்பந்தியா?"

"பாவம் டாக்டர், இளைச்சிருக்கேன்னு..."

"அதோட குடல் ரொம்ப வீக். கொழுப்பு தாங்காது, பால் தாங்காது, மசாலா தாங்கவே தாங்காது. வெங்காயம் பூண்டு கிட்டயே போகக் கூடாது. பூச்சி மருந்து தரேன். சாப்பாட்டுக்குத் தோலும் கொழுப்பும் எடுத்த கோழிய உப்பில்லாம வேக வைங்க. குழைஞ்ச சோறு, கொஞ்சம் பூசணிக்காய். எல்லாத்தையும் ஒன்னா மசிச்சு, கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்குப் பல தடவை குடுங்க. அவசரப்பட்டு அள்ளி வைக்காதீங்க. புரட்டாசி முடியறப்ப வாங்க, எடை பார்ப்போம்."

"எடை ஏறலன்னா?"

டாக்டர் போண்டாவின் முதுகைத் தடவினார். தானே ஊட்டி ஊட்டி அந்த ஜீவனைக் கொன்றிருப்போமே என்று நினைத்தபோது ரெங்கசாமியால் காரை ஓட்டக்கூட முடியவில்லை, தனலெட்சுமிதான் ஓட்டினாள். வீட்டுக்கு வந்ததும் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டார். இந்த நாய் பிழைத்துத் தேறினால் போதும், புரட்டாசி முழுக்க அசைவம் தொட மாட்டேன், கடைசிச் சனிக்கிழமை கிள்ளான் பெருமாள் கோயிலுக்கு வந்து நன்றி சொல்கிறேன் என்று.

அப்போதுதான் ஒரு சிக்கல் தலைநீட்டியது. புரட்டாசியில் தனலெட்சுமியின் அடுப்பில் முட்டைகூட ஏறாது. கோழியை யார் வேகவைப்பது?

"பின்பக்கம் தனி அடுப்பு வச்சுக்கிறேன். தனிச் சட்டி. வேக வச்சுட்டு, குளிச்சிட்டு உள்ள வரேன்" என்றாள் தனலெட்சுமி.

"தினமுமா?"

"நாய் தினமுந்தானே சாப்பிடும்?"

பாலர் பள்ளி ஆசிரியை அவள். காலையில் பள்ளிக்கு ஓடவேண்டும். அதற்குமுன் எழுந்து நாய்க்குக் கோழி வேகவைத்து, தலைக்குக் குளித்து, பிறகு இவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். அந்தக் கோப்பியைக் குடிக்கும்போதெல்லாம் ரெங்கசாமி, இப்படி ஒருத்தி வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று வாய்விட்டே சொன்னார். "நீங்க பண்ணிருப்பீங்க, நான்தான் ஏதோ பாவம் பண்ணிருப்பேன்" என்றாள் அவள்.

ஊட்டிவிடும் உத்தியோகம் மட்டும் ரெங்கசாமிக்கு. வாசல் ஓரம் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, வேளாவேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பார். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஆனால் காலையில் இட்லி, மதியம் கீரையும் பயத்தங்காயும், மறுபடி மாலையில் அதே கீரை மிச்சம் என்று ஓடினால் எந்த மனுஷனுக்குத்தான் தாங்கும்? வெந்த கோழியின் வாசம் கிண்ணத்திலிருந்து எழும்பி நேரே அவர் மூக்கில் ஏறியது. நாய் குனிவதற்கு முன்னால் இவர் குனிய ஆரம்பித்தார்.

சமையலறை ஜன்னல் வழியாக இந்தக் காட்சியைத் தனலெட்சுமி பார்த்தாள். தன் சோற்றை வைத்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து பொரித்த கோழி நக்கெட்டை நைசாக எடுக்கும் பிள்ளைகளைத் தினம் மேய்ப்பவள் அவள்.

மறுநாள் காலை கிண்ணத்தோடு ஒரு சின்ன டப்பாவும் வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று வெந்த துண்டுகள்.

"மசிச்சத மொதல்ல குடுங்க. அது முடிச்சப்புறம் இந்தத் துண்டுங்கள ஒன்னொன்னா குடுங்க."

"டாக்டர் துண்டு சொன்னாங்களா?"

"ஏன், நீங்க டாக்டர் சொன்னத ஒழுங்கா கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான். ரெங்கசாமி டப்பாவை வாங்கிக்கொண்டார்.

போண்டா மசித்ததைத் தின்றுவிட்டு வாலை ஆட்டியது. ரெங்கசாமி டப்பாவைத் திறந்தார். தெருவைப் பார்த்தார். வீட்டுக்குள் பார்த்தார். தனலெட்சுமி பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். உப்பில்லாத கோழி, மசாலா இல்லாத கோழி, நாய்க்கு வைத்த கோழி. இது எந்தக் கணக்கில் அசைவம் என்று தன்னையே ஒரு கேள்வி கேட்டார். பதில் வருவதற்குள் துண்டு வாய்க்குள் போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது. கண்ணை மூடி மென்றார். பாசார் கோழி இல்லை, அது நிச்சயம். இந்த இறுக்கம் கம்பத்துக் கோழிக்குத்தான் வரும். அதிலும் கொஞ்சம் வயசான சேவல். நாக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அன்றைக்கு மாலை மெல்ல விசாரித்துப் பார்த்தார்.

"தனம், கோழி எங்க வாங்குற?"

"ஏன்?"

"சும்மாதான். பார்த்தா கம்பத்துக் கோழி மாதிரி இருக்கு."

"பார்த்தாலே தெரியுதா?"

"என் கண்ணுக்குத் தெரியும் லா."

தனலெட்சுமி திடீரென்று அலமாரிக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்தாள். தோள் மட்டும் குலுங்கியது. தூசி போலிருக்கிறது என்று ரெங்கசாமி நினைத்தார்.

அதற்குப் பிறகு டப்பா தினமும் காலியானது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், மனுஷர் கல்நெஞ்சர் இல்லை. ஒரு விடுமுறை நாளில் துண்டை வாய்க்குக் கொண்டுபோகும்போது போண்டா அண்ணாந்து பார்த்தது. நெஞ்சில் சுருக்கென்றது. "இந்தாடா, உன் பங்கு" என்று நீட்டினார். போண்டா மோந்து பார்த்தது. மூக்கால் அவர் கையையே மெல்லத் திருப்பித் தள்ளியது. பிறகு போய்ப் போர்வையில் படுத்துக்கொண்டது.

ரெங்கசாமி உடைந்துபோனார். "எனக்காக விட்டுக் குடுக்குறியாடா? என் பசி உனக்குத் தெரிஞ்சிருச்சாடா? பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாதே" என்று சத்தமாகவே சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டையும் தின்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தனலெட்சுமி பருப்பு களைந்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

புரட்டாசி முடிய முடிய அவருக்குத் தூக்கம் போனது. போண்டா சதை போட்ட மாதிரித்தான் தெரிந்தது. ஓடியது, தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது, கழிவும் கெட்டிப்பட்டுவிட்டது. ஆனால் அவரால் நம்ப முடியவில்லை. அதன் கோழியில் பாதியை நாம்தானே தின்றோம், எடை எங்கிருந்து ஏறும்? விரதமும் போச்சு, நாயும் போகப்போகிறது. பெருமாளே, தப்பு என்மேல, நாய்மேல காட்டிடாதே என்று புலம்பினார்.

கடைசிச் சனிக்கிழமை காலை. டாக்டரிடம் போண்டாவைத் தராசில் நிறுத்தினார்கள். ரெங்கசாமி சுவரில் தொங்கிய பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், இங்க பாருங்க" என்றார் டாக்டர். "சூப்பரா ஏறியிருக்கு. நான் எதிர்பார்த்ததவிட நல்லாவே தேறிருச்சு. குடலும் சரியாகிட்டு வருது. இதையே இன்னும் கொஞ்ச நாளைக்குக் குடுங்க."

ரெங்கசாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போண்டா வந்து மடியில் தலையை வைத்தது. கனமாக இருந்தது. அந்தக் கனத்தை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாருக்கென்றில்லாமல் "நன்றி, நன்றி" என்றார்.

"மசிச்சது மட்டுந்தானே குடுத்தீங்க?" டாக்டர் கேட்டார். "துண்டு துண்டா ஒன்னும் குடுக்கலயே? அதுக்கு இப்ப செரிக்காது."

ரெங்கசாமிக்கு முகம் வெளுத்தது. தனலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். அவள் போண்டாவின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இல்ல டாக்டர். ஒரு துண்டுகூட அது வாய்க்குப் போகல."

திரும்பி வரும் வழியில் ரெங்கசாமி காரை ஓரம் கட்டினார்.

"தனம், கோயிலுக்கு நீ மட்டும் போயிட்டு வா. நான் வரல."

"ஏன்?"

"விரதம் முறிஞ்சுபோச்சு."

"எப்ப?"

"தினமும்."

தனலெட்சுமி சிரிக்கவில்லை. "முறியல. வண்டிய எடுங்க" என்றாள்.

"நீ வேற. அந்த டப்பாவுல இருந்த கோழியெல்லாம்..."

"அது கோழி இல்லங்க. சைவக் கோழி. சோயாவுல செய்யிறது. மார்க்கெட்டுக்குப் பின்னாடி சீனர் சைவக் கடை இருக்குல்ல, அங்க வாங்கி உப்பில்லாம வேக வச்சேன். போண்டாவோட கோழிய நான்தான் மசிச்சு மொத்தமா அதுக்கே வச்சேன். வாசம் அதோட கிண்ணத்துல இருந்து வந்துச்சு, நீங்க உங்க டப்பாவுல இருந்து வருதுன்னு நெனச்சுக்கிட்டீங்க."

ரெங்கசாமி ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் தனலெட்சுமி. "நாளைக்கே நாய்க்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் விரதத்த முறிச்சதாலதான்னு ஆயுசுக்கும் உட்கார்ந்து அழுவீங்க. அதப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

ரெங்கசாமி அவள் கையைப் பிடித்து, "நாய காப்பாத்துன, விரதத்த காப்பாத்துன, என்னையும் காப்பாத்திட்ட" என்றார். பின்சீட்டில் போண்டா கொட்டாவி விட்டது.

நாயை வீட்டில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். நெரிசலில் நின்று, கை கூப்பி, கண்ணீரோடு பெருமாளுக்கு நன்றி சொன்னார் ரெங்கசாமி. பாதி நன்றியைப் பக்கத்தில் நின்றவளுக்கும் சேர்த்தே சொன்னார். வெளியே வந்து, பிரசாதப் புளியோதரை உள்ளே இறங்கியதும்தான் பழைய தெம்பு மெல்லத் திரும்பியது.

"இருந்தாலும் தனம், அந்தக் கடைக்காரனப் பாராட்டணும் லா. அசல் கம்பத்துக் கோழியேதான். என் நாக்கே ஏமாந்துச்சுன்னா, இந்தக் கிள்ளான்ல ஏமாறாத ஆளே இருக்க முடியாது."

தனலெட்சுமி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் இல்ல, போண்டா மோந்து பாத்துட்டே வேணான்னு தள்ளிருச்சே" என்றாள்.