ஓட்ஸ் டப்பாவோடு பெண் பார்க்கப் போனேன்

பயந்தாங்கொள்ளி ஒருவன் கிடைத்துவிட்டால் போதும், ஊரில் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுவார்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைத் தொலைத்துவிடுவேனோ என்று பயப்படுவேன், இறங்கினால் பையை விட்டுவிட்டேனோ என்று பயப்படுவேன். (இரண்டும் நடந்திருக்கிறது. அதனால் என்னைக் குறை சொல்ல முடியாது.)

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறை ஒன்றில் நான் சூப்பர்வைசர். எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பட்டறைக்கே வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். என் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, "சுகர் பார்டர்ல இருக்குது தம்பி. பயப்பட ஒண்ணுமில்ல. கொஞ்சம் நடங்க, அளவா சாப்புடுங்க" என்றார். பார்டர் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

அதே வாரம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பெண்ணின் பெயர் சரண்யா, ஸ்கூலில் கணக்கு டீச்சர். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே யாரோ போட்டோ எடுத்துவிட்ட மாதிரி ஒரு முகம். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எந்தப் பெண்ணையும் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் புரோக்கர் கூடவே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "பொண்ணோட அப்பா நகை நட்டு எதுவும் பெருசா பேச மாட்டாரு. சுகரு இருக்குற பையனுக்கு மட்டும் குடுக்க மாட்டாராம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவாள், மாமாவிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். போயும் போயும் பாபு அண்ணனிடம் சொன்னேன்.

பாபு அண்ணன் எங்கள் பட்டறையில் சூளை பார்ப்பவர். செல்போனில் வரும் ஆரோக்கிய வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பார். பார்த்ததை மற்றவர்கள் வயிற்றில் பரிசோதிப்பார்.

"ஓட்ஸ்தாண்டா மருந்து. காலையில வெந்நீர்ல ஓட்ஸு. உப்பு கெடயாது, பால் கெடயாது, சக்கரை மூச்சு விடக் கூடாது."

"நடுவுல பசிச்சா?"

"மறுபடியும் ஓட்ஸு. சோத்துப் பக்கம் தலை வச்சிப் படுக்காத. ஒரு வாய் சோறு போதும், சுகரு எங்கயோ ஏறிடும்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். பாக்கெட் வாங்கப் போன இடத்தில் மெடிக்கல்காரர், "ஓட்ஸா? அதுதாங்க சுகர ஏத்துது. கம்பங்கூழு குடிங்க" என்றார். பொம்மைக்கு வர்ணம் பூசும் லட்சுமி அக்கா, "குதிரை திங்கறத மனுசன் தின்னா கல்யாணத்துக்கு அப்புறம் கஷ்டமாம்பா" என்றாள். என்ன கஷ்டம் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆக, ஓட்ஸ் சாப்பிட்டாலும் ஆபத்து, சாப்பிடாவிட்டாலும் ஆபத்து. அதனால் ஓட்ஸைப் பாதி அளவும் பயத்தை முழு அளவுமாகச் சாப்பிட்டு வந்தேன்.

பெண் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. நானும் அம்மாவும் மாமாவும் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினோம். என் பையில் ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய ஓட்ஸ், அவசரத்துக்கு. வழியெல்லாம் மாமா பாடம் எடுத்தார்.

"பஜ்ஜி, கேசரி, காபி. அதோட எழுந்துடணும். எலை போட்டு சோத்துல கை நனைச்சோம்னா சம்மந்தம் முடிஞ்சிதுன்னு அர்த்தம். மத்தியானம் திட்டக்குடியில இன்னொரு பொண்ணு பாக்கணும், ஞாபகம் இருக்குதா?"

சோற்றையே தொடாத எனக்கு இந்த எச்சரிக்கை எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் வீட்டில் நல்ல வரவேற்பு. சரண்யா காபித் தட்டோடு வந்து, வைத்துவிட்டு, கதவோரம் நின்றாள். போட்டோவில் பாதியில் நின்ற சிரிப்பு நேரில் முக்கால்வாசி வரை வந்தது. நான் பதிலுக்குச் சிரிக்க வாயைத் திறந்தபோது அவள் அப்பா கேசரித் தட்டை நீட்டினார்.

"எடுத்துக்குங்க தம்பி."

நெய் மினுமினுத்தது. "வேணாங்க" என்றேன்.

"பஜ்ஜியாவது?"

"வேணாங்க."

"அட, காபியாச்சும் குடிங்க."

"சக்கரை இல்லாம..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. தட்டைக் கீழே வைத்தார்.

"ஏன், இனிப்பு ஒத்துக்காதா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "விரதங்க" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் விரதம் இருக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"என்னா விரதம்?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"ஏகாதசிங்க."

"ஏகாதசி போன வாரமே போயிடுச்சே" என்று சமையலறையிலிருந்து பெண்ணின் அம்மா குரல் கொடுத்தார்.

"அன்னிக்கு விட்டுப்போச்சுங்க. அதான் இன்னிக்கு." (பொய் சொல்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.) கதவோரத்தில் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நான் விடவில்லை. "பெருமாள சேவிக்காம பச்சத்தண்ணி கூட வாயில படாதுங்க."

பெண்ணின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "எங்க பூவராகப் பெருமாள நெனச்சிக்கிட்டா வந்தீங்க? எழுந்திரிங்க, நானே கூட்டிட்டுப் போறேன்!"

நல்ல வெயில். காலையில் நடுக்கத்தில் அரை டம்ளர் ஓட்ஸ்தான் உள்ளே போயிருந்தது. போகிற வழியெல்லாம் அவர் கோயில் பெருமை சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. "பெருமாளே, சுகரைக் கூட அப்புறம் பார்த்துக்கலாம், இப்போ கீழே விழாமல் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டேன். கோயிலுக்குள் பெருமாள் காப்பாற்றினார். திரும்பி வந்து பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன், அவ்வளவுதான். கண் இருட்டி, கழற்றிப் போட்டிருந்த செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயையோ, புள்ளைக்கு என்னா ஆச்சு!" என்று அம்மா பதறினாள். முகம் துடைக்கத் துண்டு தேடி என் பையைக் கவிழ்த்தாள். டப்பா உருண்டு போய்ப் பெண்ணின் அப்பா காலடியில் நின்றது. அவர் திறந்து பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை. பட்டறை அச்சில் ஊற்றிய களிமண் கூழ் கூட அவ்வளவு சுத்தமாக இறுகாது. அடியில் ஒரு தட்டுத் தட்டினார். டப்பாவின் வடிவத்தில் முழுசாக அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"என்னா தம்பி இது?"

இனிமேல் பொய் சொல்ல உடம்பில் தெம்பு இல்லை. "ஓட்ஸுங்க. எனக்கு சுகரு பார்டர்ல இருக்குது. உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு மறைச்சிட்டேன்." இருபத்தெட்டு வயசு ஆம்பளை, செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழாத குறை. சரண்யாவை ஏறிட்டுப் பார்க்கக் கூட எனக்குத் தைரியமில்லை.

அவள் அப்பா கையிலிருந்த ஓட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பேசியது பெண்ணின் அம்மாதான், அதுவும் தன் வீட்டுக்காரரிடம்.

"இப்ப எதுக்கு மொறைக்கிறீங்க? நீங்க மட்டும் என்னா, அரிசி டின்னு பின்னால ஒளிச்சி வச்சி தெனம் முழுங்குறது மிட்டாயா?"

"அதனாலதாண்டி வேணாம்னேன்" என்றார் அவர், சின்னப் பிள்ளை மாதிரி. "நாம படறத அவளும் படணுமா?"

"மயங்கி விழுந்த புள்ளகிட்ட அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சரண்யா, எலையப் போடு!"

மாமா குறுக்கே பாய்ந்தார். "இல்லைங்க, கை நனைக்கிற வழக்கம் எங்க..."

"பசிக்கு என்னாங்க வழக்கம்? நீங்களும் உக்காருங்க."

இலை விழுந்தது. சூடான சோறு, கத்திரிக்காய் சாம்பார், அப்பளம். பாபு அண்ணன் சொன்னது, மாமா சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்தது. கை மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. சாம்பார், மறுசோறு, ரசம் என்று போய்க்கொண்டே இருந்தது. பாயசத்தையும் விடவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா செல்போனை எடுத்தார். "நாங்க வரலைங்க" என்று திட்டக்குடிக்குச் சொல்லிவிட்டு, "நல்லா நனைச்சடா" என்று என்னிடம் பல்லைக் கடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பக்கச் சம்மதத்தை முழங்கை வரை வழியவிட்டு ஊரறியச் சொல்லிவிட்டேன். சரண்யா இன்னும் தன் முடிவைச் சொல்லவில்லை. போய்விட்ட பயம் பாயசத்தோடு சேர்ந்து திரும்பி வந்து நெஞ்சில் நின்றது.

சரண்யா மோர்ச் செம்போடு வந்தாள். ஊற்றிவிட்டு அவள் அப்பாவிடம் சொன்னாள்: "ஏம்ப்பா, உங்களுக்கும் இவருக்கும் ஒரே சமையல்தான் ஆவும். சரின்னு சொல்லிடுங்க."

இது நடந்து வருஷங்கள் ஆகின்றன. டாக்டரம்மா முதல் நாள் சொன்னபடி நடக்கிறேன், அளவாகச் சாப்பிடுகிறேன். சில நாள் இட்லி, சில நாள் ஓட்ஸ். (மோர், வெங்காயம், உப்பெல்லாம் போட்டால் அதுவும் சாப்பாடுதான் என்று தெரிந்தது.) என் மாமனாரின் மாத்திரை அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அலமாரிக்கு வந்துவிட்டது. விசேஷம் எதுவானாலும் பந்தியில் அவர் என்னைப் பார்த்து, "மாப்ள, இன்னிக்கு ஏகாதசி இல்லையே?" என்று கேட்காமல் இருப்பதில்லை. பந்தியே சிரிக்கும், மாமா உள்பட.

ஒருநாள் சரண்யாவிடம் கேட்டேன். "பொய் சொன்னேன், மயங்கி விழுந்தேன், சுகரு வேற. எதப் பாத்து சரின்ன?"

"வந்ததுல இருந்து திருடன் மாதிரி முழிச்சிட்டு இருந்தீங்க. சோத்துல கை வச்ச பெறகுதான் உங்க மூஞ்சில பயமே இல்ல. இந்த மூஞ்சி நல்லா இருக்குதேன்னு தோணுச்சி."

போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்தேன். ரிப்போர்ட் கவரை வாங்கிக்கொண்டு வந்தவன், பிரிக்கத் தைரியமில்லாமல் எங்கள் வீட்டு வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சரண்யா எட்டிப் பார்த்தாள். கவரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ரிப்போர்ட்டில் என்ன என்று கேட்கவில்லை.

"எலை போடட்டுமா?" என்றாள்.