வெனிஸில் ஒரு தொப்பிக்காரர்

எடுத்த போட்டோ அத்தனையிலும் அந்தத் தொப்பி இருந்தது.

சாதாரணத் தொப்பி இல்லை. நாலு பேர் மழைக்கு ஒதுங்கலாம் என்கிற அளவுக்கு விளிம்பு, ஓரத்தில் ஒரு சிவப்பு இறகு. அதற்குக் கீழே தடித்த மீசையோடு ஒருவர் சிரித்துக்கொண்டே நின்றார். ஆற்றங்கரை மெக்சிகன் ஓட்டல் வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் மெனு கார்டை நீட்டி உள்ளே அழைப்பது அவருடைய வேலை.

"ஏங்க, இந்த ஆளு பக்கத்துல நின்னா இதை வெனிஸ்னு யாருங்க நம்புவா?" என்றாள் ஷம்சாத்.

அன்வர் பாட்சா காமிராவை இறக்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி சான் அன்டோனியோ வந்து சேர்ந்ததிலேயே பாதி உயிர் போயிருந்தது. மீதியை ஜூலை வெயில் பார்த்துக்கொண்டது. வாரம் முழுக்க எண்ணெய்க் கம்பெனியில் உழைத்த மனிதர் சனிக்கிழமை காலையில் தூங்க வேண்டும். ஆற்றங்கரையில் நின்று சான் அன்டோனியோவை இத்தாலியாக மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆனால் வேறு வழியில்லை. மண்ணடியில் ஆணி அடித்தாகிவிட்டது.

போன கோடையில் நியூஜெர்சியில் இருக்கும் ஷம்சாத்தின் அக்கா ஜமீலாவும் அவள் புருஷன் பாசிலும் வெனிஸ் போய்வந்தார்கள். கம்ப்யூட்டர் கிராஷ் ஆகி மற்ற படமெல்லாம் போய்விட்டதாம். மிஞ்சிய ஒரே ஒரு போட்டோவை ஊருக்குப் போன யாரிடமோ கொடுத்தனுப்பி, அது இப்போது சென்னை மண்ணடியில் ஷம்சாத்தின் உம்மா வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே, கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் என்றாலே உம்மாவுக்கு அந்தப் படம்தான் பேச்சு.

கேட்டுக் கேட்டு நொந்துபோன ஷம்சாத் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நாங்களும்தான் வெனிஸ் போறோம்" என்று சொல்லிவிட்டாள்.

உம்மா அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்வரும் டிக்கெட் பார்த்தார். கிரீன் கார்டு வக்கீல்தான் குறுக்கே விழுந்தார். "இப்போ நாட்டை விட்டு வெளியே போனா, அப்ளிகேஷனை மறந்துடுங்க" என்றார்.

இதை உம்மாவிடம் சொல்ல ஷம்சாத் வாயைத் திறந்தபோது, உம்மா முந்திக்கொண்டார். "ராத்தா படத்துக்குப் பக்கத்துலயே உனக்கும் ஒரு ஆணி அடிச்சு வச்சிட்டேன்மா. வெறும் ஆணியப் பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. சீக்கிரம் போயிட்டு வா."

அன்று ஷம்சாத் அழுதாள். "எனக்கு வெனிஸ்லாம் வேணாங்க. எங்க உம்மா வீட்டு செவுத்துல என் மூஞ்சியும் இருக்கணும். அவ்ளோதான்."

ஊருக்குப் போயே ஆறு வருஷம் ஆகிவிட்டது. அன்வருக்கும் மனசு கேட்கவில்லை. "தண்ணி, பாலம், படகு. மூணும் சான் அன்டோனியோல இருக்கு. ஒரு போட்டோதானே? ஒரு மணி நேர வேலை" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

"ராத்தா படத்துல பாலம் இருக்காம், குடையெல்லாம் இருக்காம். அந்த மாதிரி இடமா பாருங்க" என்றாள் ஷம்சாத். பாலமும் குடைகளும் ஒன்றாக அமைந்த இடத்தில் தொப்பிக்காரர் நின்றார். எனவே ஆற்றோடு நடந்தார்கள். வெயிலும் கூடவே நடந்தது. ஒரு வளைவில் ஷம்சாத்தை நிறுத்தி கிளிக் செய்தார் அன்வர்.

அவர்களுடைய ஏழு வயது மகள் ரிதா எட்டிப் பார்த்தாள். "வாப்பா, தேர் இஸ் எ பிக் ஸ்டார் ஆன் உம்மாஸ் ஹெட்."

பின்னால் ஒற்றை நட்சத்திரம் போட்ட டெக்சாஸ் கொடி பறந்துகொண்டிருந்தது.

"சரி, போட்ல ஏறிடலாம். பின்னாடி தண்ணி மட்டும்தான் தெரியும்" என்றார் அன்வர்.

தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்கு முன்னால், கவ்பாய் பூட்ஸ் போட்ட கால்களை நீட்டிக்கொண்டு முழு வரிசையே உட்கார்ந்திருந்தது. படகு திரும்பியபோது தெறித்த நீரில் ஷம்சாத்தின் ஜார்ஜெட் புடவை நனைந்தது. போதாக்குறைக்கு ரிதாவின் டீ-ஷர்ட்டில் கொட்டை எழுத்தில் ஹூஸ்டன் என்று எழுதியிருப்பதை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள்.

கரையேறியதும் ஷம்சாத் மகளின் சட்டையை உள்புறம் வெளியே வரும்படி மாட்டிவிட்டாள். இப்போது எழுத்து மறைந்தது. கழுத்துக்குப் பின்னால் லேபிள் துருத்திக்கொண்டு நின்றது.

"உம்மா, இட்ஸ் இட்ச்சி. வொய் ஆர் வி லையிங் டு நானி?"

"லை எல்லாம் இல்லடா செல்லம். சர்ப்ரைஸ்" என்றார் அன்வர். சொன்னபோது அவருக்கே கூச்சமாக இருந்தது.

கடைசியில், எங்கே சுற்றினாலும் அந்தப் பாலத்துக்கே வர வேண்டியிருந்தது. அன்வர் தொப்பிக்காரரிடம் போய், படத்துக்காகக் கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று தயங்கித் தயங்கி இங்கிலீஷில் கேட்டார், கையாலும் காட்டினார். தொப்பிக்காரருக்கு ஒரே சந்தோஷம். படத்துக்குத் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஓடிவந்து அன்வரின் தோளில் கைபோட்டு, தொப்பியைக் கழற்றி அவர் தலையிலேயே வைத்துவிட்டார். இங்கே வருகிற யாரும் தன்னோடு ஒரு படம் எடுக்காமல் போவதில்லை என்று பெருமையாகச் சொன்னார். ரிதாவுக்கு ஒரு கூடை சிப்ஸ் கொடுத்தார். அதற்கப்புறம் ரிதா அவரை விட்டு நகர மறுத்துவிட்டாள்.

ஷம்சாத் பாலத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "போதுங்க. என்னால நடக்க முடியல. எப்படி வருதோ அப்படி எடுங்க."

அன்வர் எடுத்தார்.

மறுநாள் காலை, சுகர் லேண்டில் கம்ப்யூட்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்து படங்களை அலசினார்கள். கொடி, பூட்ஸ், ஹூஸ்டன், லேபிள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், கடைசியில் எடுத்தது ஒன்றுதான் தேறியது. பாலம் இருந்தது, குடைகள் இருந்தன, களைப்பில் ஷம்சாத்தின் முகம்கூட ஏதோ சினிமாக்காரி மாதிரி அழகாக விழுந்திருந்தது. இடது ஓரத்தில் தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்வர் அவரை வெட்டிப் பார்த்தார். அவரோடு ஷம்சாத்தின் ஒரு கையும் போனது.

"கை போனா போகட்டுங்க."

"கையில்லாம உன்னைச் செவுத்துல மாட்டினா மாமி அழுவாங்க. அந்த ஆளு இருந்துட்டுப் போகட்டும். கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

இமெயில் போனது. அந்த வாரம் முழுக்க ஷம்சாத்துக்குச் சோறு இறங்கவில்லை. இருந்திருந்து இப்படி ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொள்ளப் போகிறோம், அதுவும் ராத்தாவுக்குத் தெரிந்தால் காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லியே காட்டுவாளே என்று புலம்பினாள்.

ஞாயிறு காலை ஸ்பீக்கரில் உம்மா வந்தார்.

"மாஷா அல்லாஹ்! ராஜாத்தி மாதிரி இருக்கேம்மா. பிரவுசிங் சென்டர்ல பெருசா பிரிண்ட் போட்டு, கண்ணாடி போட்டு மாட்டியாச்சு. பக்கத்து வீட்டு ஜலஜா பாத்துட்டு, ரெண்டு பொண்ணுங்களையும் வெனிஸ் அனுப்பிட்டியேன்னு வயிறெரிஞ்சு போறா!"

ஷம்சாத்தின் கண்ணில் நீர் தளும்பியது. பொய்யோ நிஜமோ, ஆணியில் அவள் இருந்தாள்.

"ரிதா, வெனிஸ் எப்படிடா இருந்துச்சு?"

"இட் வாஸ் ஹாட், நானி. அண்ட் சிப்ஸ் வேர் குட்."

"என்னமோ நல்லாதான் சொல்லுது புள்ள. மாப்பிள்ளை இருக்காரா? ஒரே ஒரு சந்தேகம்."

அன்வர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஷம்சாத் அவருடைய கையை இறுகப் பிடித்தாள்.

"சொல்லுங்க மாமி."

"ஓரத்துல ஒருத்தரு பெரிய தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவரு யாரு?"

"அவரா..." ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பதிலை அன்வர் எடுத்துவிட்டார். "அவரு ஒரு டூரிஸ்ட், மாமி. அமெரிக்காக்காரரு. வெனிஸ் சுத்திப் பாக்க வந்தவரு."

"அப்படியா? அதுக்காக ஒரு வருஷமாவா சுத்திப் பாப்பாரு? உங்க சகலை படத்துலயும் அவரேதானே நிக்கிறாரு!"