தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு நாடக ராஜா

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி அல்ல, வேகக்காரி. யோசிப்பதற்குள் சொல்லிவிடுவேன்.

விக்டோரியா மகாராணி காலத்து மேடை நடிகர்களின் படங்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு. தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்புப் படங்கள். வாளோடும் ஒட்டுத்தாடியோடும் முறைப்பார்கள். பதினொன்று சேர்ந்ததும் அம்மா தீர்ப்பளித்தார்: "இன்னொரு வெள்ளைக்காரன் இந்த வீட்டுக்குள்ள வந்தால், எல்லாரையும் குப்பையில போடுவன்."

அன்று என் தாத்தாவுக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, திவசம். காலையிலேயே வாழையிலை வாங்க என்னை அனுப்பினார். வழியில், லிட்கம் என்ற புறநகரில், ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றார்கள். அங்கே, கண்ணாடிச் சட்டத்துக்குள், பன்னிரண்டாமவர்! தலைப்பாகை, முத்துமாலை, ஏதோ கீழைநாட்டு ராஜா வேடம். (இலையை மறந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?)

அவரை வாங்கிக்கொண்டு, கிரவீனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் பூனைபோல நுழைந்தேன். குசினியில் அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது. பதறிப்போய் ராஜாவைக் கைக்கெட்டிய மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அது தாத்தாவின் படம் வைத்திருந்த மேசை.

தாத்தாவுக்குப் போடப் பூமாலையோடு அம்மாவின் சிநேகிதி மலர் அன்ரி.

"இவர் ஆர் பிள்ளை?"

"தாத்தான்ர அப்பா, அன்ரி." (சொன்னேனே, வேகக்காரி.)

"பூட்டனே! என்ன களை! ஐயோ, அவருக்கு மாலை இல்லையே!" தாத்தாவுக்கு வந்த மாலையை வெட்டி இரண்டாக்கி, ஒன்றை ராஜாவுக்குப் போட்டார். கண்ணாடியில் சந்தனப் பொட்டும் ஏறியது. மாமனாரின் அப்பாவை ஒருநாளும் கண்டிராத என் அப்பா, உற்றுப் பார்த்து, "மூக்கு உனக்கு அப்பிடியே வந்திருக்கு" என்று என்னிடம் உருகினார்.

அதற்குள் வந்து சேர்ந்த சொந்தக்காரர் எல்லாரும் கைகூப்பி நிற்கும்போது அம்மா வடைத்தட்டோடு வந்தார். ராஜாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த மேடை நடிகராலும் தர முடியாது.

"அக்கா, பூட்டனுக்கும் ஒரு இலை போடுங்கோ" என்றார் அன்ரி.

"இலைதான் வரேல்லை. பூட்டன்தான் வந்திருக்கிறார்" என்றார் அம்மா. சபையில் என்னைக் காட்டிக்கொடுக்காமல், காகிதத் தட்டில் அவருக்கு ஒரு வடை வைத்தார்.

எல்லாரும் போனதும் படத்தை எடுக்கப் போனேன்.

"தொடாதை! மாலை போட்டுக் கும்பிட்டாச்சு. இனி எப்பிடிக் குப்பையில போடுறது?"

"அப்ப மற்றப் பதினொரு பேரும்?"

அம்மா பெருமூச்சு விட்டார். "அவையள் இப்ப சொந்தக்காரர்தானே. கிடக்கட்டும்."

ஆக, பதினொருவரும் தப்பினார்கள். சேகரிப்பிலேயே சிறந்தவர் மட்டும் என் கையை விட்டு நிரந்தரமாகத் தாத்தா பக்கம் போய்விட்டார். அவரைப் பார்க்க வரும் சக சேகரிப்பாளர்கள் சப்பாத்தைக் கழற்றவேண்டும்.

இப்போதும் திவசத்தன்று கார்ச் சாவியை எடுத்தால் குசினியிலிருந்து குரல் வரும்: "இலை மட்டும் வாங்கு. வழியில பூட்டன்மாரை ஏத்திக்கொண்டு வராதை!"